கொனோரியா மருத்துவ ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொனோரியா, அதாவது வெட்டை நோய் பற்றிய ஆய்வுகளுக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்களும் லேப் டெக்னீஷியன்களும் ஒருங்கிணைப்பாளர்களும் அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கையெழுத்து விட்டுப்போன ஒப்புதல் படிவம், தேதி மாறிய லேபிள் எல்லாம் ஆய்வைச் சரிபார்க்கும் மானிட்டர் வந்தால் சிக்கிவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை. யார் கண்ணிலும் படாமல் நழுவி, கடைசியில் ஆய்வின் முடிவையே கெடுக்கும் தவறுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கல்ச்சர் ஸ்வாபை உயிரில்லாமல் லேபுக்கு அனுப்புவது

இத்தனை பயிற்சிக்குப் பிறகும் நடக்கும் தவறு இது. நினைத்தாலே எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இழந்ததைத் திரும்பப் பெற வழியே கிடையாது.

காரணம் புரிகிறது. கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் நாட் சோதனை வந்தபின் நோயைக் கண்டறிவது சுலபமாகிவிட்டது. சிறுநீர் கொடுத்தால் போதும், கிருமி செத்திருந்தாலும் பிடிபடும். அதனால் கல்ச்சர் ஸ்வாபை, அதாவது கிருமியை உயிரோடு வளர்த்துப் பார்க்க எடுக்கும் துடைப்பு மாதிரியை, சம்பிரதாயமாக எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் நாட் சோதனை கிருமி இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே சொல்லும். எந்த மருந்துக்கு அது பணியும் என்று தெரிய உயிருள்ள கிருமி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மட்டும் கிர்-ஏ மரபணுவின் 91-ஆம் இடத்தைப் பார்த்து ஓரளவு நம்பிச் சொல்லலாம். செஃப்ட்ரியாக்சோனுக்கு அப்படி ஒரு குறுக்குவழி இல்லை.

புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் இது இன்னும் பெரிய விஷயம். 2025-இல் லான்செட்டில் வெளியான ஜெப்போடிடாசின் ஆய்வில் 628 பேருக்குக் குலுக்கல் முறையில் மருந்து ஒதுக்கினார்கள். முதன்மைக் கணக்கில் நின்றவர்கள் 406 பேர்தான். தொடக்கத்திலேயே கல்ச்சரில் கிருமி வளர்ந்து, அது செஃப்ட்ரியாக்சோனுக்குப் பணிவது என்று உறுதியானவர்களை மட்டுமே அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் சேர்த்தவர்களும் விடுபட்டவர்களில் இருப்பார்கள் என்பதால் எல்லாமே ஸ்வாபின் குற்றமில்லை. ஆனாலும், நோய் இருந்து, கூச்சத்தை விட்டு ஆய்வுக்கு வந்து, வலியைப் பொறுத்துக்கொண்ட ஒருவர் நம் கவனக்குறைவால் கணக்கிலிருந்து விழுந்தால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கிருமி சாகும் இடங்களை வரிசையாகப் பார்த்தால் முதலில் நிற்பது ஸ்வாப். சாதாரணப் பஞ்சில் உள்ள கொழுப்பு அமிலங்களும் மரக்குச்சியும் இந்தக் கிருமிக்கு விஷம். டேக்ரான் அல்லது ரேயான் முனையும் பிளாஸ்டிக் தண்டும் உள்ளதை எடுங்கள். ஆண்களுக்குச் சிறுநீர்க் குழாயில் 2 முதல் 3 செ.மீ. உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றி எடுக்க வேண்டும். கல்ச்சர் ஸ்வாப் முதலில், சிறுநீர் பிறகு. இந்த வரிசை மாறினால் கிருமி கழுவிப் போய்விடும். நாட் சோதனைக்கான சிறுநீர் முதலில் வரும் 20–30 மி.லி.தான், நடுவில் பிடிப்பது அல்ல. அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கு ஸ்பெகுலத்தில் ஜெல் தடவாதீர்கள், அதுவும் கிருமியைக் கொல்லலாம். வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

அடுத்தது பிளேட், அதாவது கிருமி வளர்க்கும் ஊட்டத் தட்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற பிளேட்டில் தேய்த்தால் கிருமி அங்கேயே சாகும். ஆள் வருவதற்கு முன்பே பிளேட்டை வெளியே எடுத்து அறை வெப்பநிலைக்கு வர விடுங்கள். முடிந்தவரை கிளினிக்கிலேயே தேய்த்துவிடுவது நல்லது. மற்ற கிருமிகளைத் தடுக்கும் மருந்துகள் கலந்த தேயர்-மார்ட்டின் பிளேட்டோடு, மருந்து கலக்காத சாக்லேட் அகார் பிளேட் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தேயர்-மார்ட்டினில் உள்ள வேன்கோமைசினுக்கே பணிந்துவிடும் கொனோரியா ரகங்கள் உண்டு, அவை அதில் வளராது. தேய்த்ததும் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் உள்ள, ஈரப்பதமான, 35 முதல் 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்க வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் கேண்டில் ஜார். வாசனை சேர்க்காத வெள்ளை மெழுகுவர்த்தியும் ஈரப் பஞ்சும் வைத்தால் வேலை நடக்கும்.

பிளேட் கிளினிக்கில் இல்லையென்றால் கிருமியை உயிரோடு லேபுக்குக் கொண்டுபோகும், கரி கலந்த ஏமீஸ் டிரான்ஸ்போர்ட் மீடியம். தவறுகளிலேயே மோசமான தவறு நடப்பது இந்தக் கட்டத்தில்தான். ரத்த மாதிரியோடு சேர்த்து இந்த ஸ்வாபையும் ஐஸ் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். "மாதிரி என்றால் குளிரில்தான் இருக்க வேண்டும்" என்ற பழக்கம்தான் காரணம். மனித உடலின் சூட்டிலேயே வாழ்ந்து பழகிய இந்தக் கிருமி குளிரில் தாங்காது. ஐஸ் வேண்டாம் என்றதும் வெயிலில் நிற்கும் வண்டியில் வைப்பதும் தப்பு. 20 முதல் 25 டிகிரி இருந்தால் போதும். அன்றைக்கே லேபில் சேர வேண்டும். 24 மணி நேரம் தாண்டினால் வளர்ச்சி சட்டென்று குறையும். காலையில் எடுத்ததைச் சாயங்கால கூரியருக்குக் காத்திருக்க வைப்பதை விட, கூரியர் வரும் நேரத்தை ஒட்டி நோயாளியை வரச்சொல்வது நல்லது.

லேபில் 24, 48, 72 மணி நேரத்தில் பிளேட்டைப் பாருங்கள். 24 மணியில் ஒன்றும் இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள். கிருமியை அடையாளம் காணும் ஆக்சிடேஸ் சோதனைக்கு நிக்ரோம் கம்பி வேண்டாம், அதிலுள்ள இரும்பு பொய்யான பாசிட்டிவ் காட்டும். பிளாஸ்டிக் அல்லது பிளாட்டினம் லூப் எடுங்கள். சேமிக்கும்போது 18–24 மணி நேர இளம் வளர்ச்சியிலிருந்து எடுக்க வேண்டும். பழைய காலனிகள் தானாகவே சிதைந்துபோகும். 20 சதவீத கிளிசரால் கலந்த டிரிப்டிக் சோய் பிராத்தில், மைனஸ் 70 டிகிரியில், குறைந்தது இரண்டு குழாய்கள். வீட்டு ஃபிரீசர் மாதிரியான மைனஸ் 20 டிகிரியில் வைத்தது ஆய்வு முடிந்து எடுக்கும்போது முளைக்காது. சேமித்த கையோடு ஒரு வாரத்தில் ஒரு குழாயைத் திறந்து வளர்த்துப் பார்ப்பது ஒரு பிளேட் செலவுதான்.

மருந்து சாப்பிட்டாரா என்று தப்பாகக் கேட்பது

"ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "எரிச்சலுக்கோ தொண்டை வலிக்கோ பல் வலிக்கோ மெடிக்கல்ல ஏதாவது மாத்திரை வாங்கிப் போட்டீங்களா? அட்டை இருக்கா?" என்று கேளுங்கள். இந்தியாவில் அரசு கிளினிக்குகளில் அறிகுறியை வைத்துக் கொடுக்கும் சாம்பல் நிற கிட்டில் அசித்ரோமைசின் 1 கிராமும் செஃபிக்சிம் 400 மி.கி.யும் இருக்கும். கிட்டின் நிறத்தைச் சொன்னாலே பலர் தலையாட்டுவார்கள்.

மறுபரிசோதனைக்கு வராதவரை அப்படியே விடுவது

வராதவரின் முடிவு "தெரியவில்லை" என்று காலியாக நிற்காது. இத்தகைய ஆய்வுகளின் முதன்மைக் கணக்கில் அது "குணமாகவில்லை" என்று எழுதப்படும். ஜெப்போடிடாசின் ஆய்வில் புதிய மருந்துக்கு 92.6 சதவீதமும் பழைய சிகிச்சைக்கு 91.2 சதவீதமும் குணம் என்று வந்தது. ஆனால் மறுபரிசோதனையில் பிறப்புறுப்புப் பாதையில் கிருமி அப்படியே நீடித்தது என்று இரண்டு பிரிவிலும் ஒருவரிடம்கூடக் காணவில்லை. தோல்வி என்று எழுதப்பட்டவை முடிவு தெரியாதவை.

சாலித்ரோமைசின் என்ற இன்னொரு புதிய மருந்துக்கு நடந்தது இதைவிடக் கசப்பு. 262 பேர் ஆய்வு, குணம் புதிய மருந்தில் 80, பழைய சிகிச்சையில் 84 சதவீதம், வித்தியாசம் 4. ஆனால் நம்பக எல்லை, அதாவது புதிய மருந்து உண்மையில் எவ்வளவு பின்தங்கியிருக்கலாம் என்ற கணக்கு, 13.6 வரை போனது, அனுமதித்த வரம்பு 10. அந்த ஆய்வு தேறவில்லை. ஜோலிஃப்ளோடாசின் என்ற வேறொரு புதிய மருந்துக்கு 90.9, பழைய சிகிச்சைக்கு 96.2, வித்தியாசம் 5.3. ஆனால் 930 பேர், எல்லை 8.6-ல் நின்றது, வரம்பு 12. அது தேறியது. வித்தியாசம் கூடுதலாக இருந்தது தேறி, குறைவாக இருந்தது விழுந்ததற்கு ஆள் எண்ணிக்கையும் முன்பே குறித்த வரம்பும்தான் காரணம். பத்து பேர் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை ஆய்வு தொடங்குமுன் கணக்குப் போட்டு வையுங்கள்.

வரவைப்பதற்கு ஒரு யோசனை. நினைவூட்டும் அழைப்பில் நோயின் பெயரோ பிரிவின் பெயரோ வரக்கூடாது. எந்த எண்ணில், எந்த நேரத்தில், யார் பெயரில் கூப்பிடலாம் என்று சேர்க்கும் நாளிலேயே கேட்டு எழுதுங்கள். வீட்டில் வேறொருவர் போனை எடுத்துவிட்டால் நோயாளி திரும்ப வரமாட்டார். வராததற்காக அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

தொண்டையை விட்டுவிடுவது

தொண்டையில் இருக்கும் கொனோரியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, சிகிச்சைக்கும் சுலபத்தில் பணியாது. இங்கிலாந்தில் 720 பேரிடம் நடந்த ஜென்டாமைசின் ஆய்வு (2019) இதைத் தெளிவாகக் காட்டியது. ஜென்டாமைசினில் குணமானவர்களைச் செஃப்ட்ரியாக்சோனோடு ஒப்பிட்டால் பிறப்புறுப்பில் 94க்கு 98 சதவீதம், மலக்குடலில் 90க்கு 98, தொண்டையில் 80க்கு 96. தொண்டையைப் பார்க்காமல் விட்டிருந்தால் ஜென்டாமைசின் நல்ல மாற்று மருந்து என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

2018-இல் அதே நாட்டில் பதிவான ஒரு நோயாளியையும் நினைவில் வையுங்கள். செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் பலிக்கவில்லை. ஸ்பெக்டினோமைசின் கொடுத்ததும் சிறுநீர் மாதிரி சுத்தமாகிவிட்டது, தொண்டை சுத்தமாகவில்லை. எர்டாபெனம் மூன்று நாள் நரம்பில் ஏற்றிய பிறகே கிருமி ஒழிந்தது.

ஸ்வாபை இரண்டு டான்சிலிலும் பின்சுவரிலும் தேய்க்க வேண்டும். தொண்டையில் சாதாரணமாகவே வாழும் வேறு நைசீரியா இனங்கள் சில நாட் கிட்டுகளை ஏமாற்றும். எனவே தொண்டை பாசிட்டிவை வேறொரு மரபணு இலக்கால் உறுதி செய்யாமல் எழுதாதீர்கள்.

நாட் சோதனையால் அவசரப்பட்டுக் குணம் பார்ப்பது

செத்த கிருமியின் மரபணு சில நாள் தங்கும். மூன்றாம் நாள் நாட் பாசிட்டிவ் என்றால் மருந்து தோற்றது என்று அர்த்தமில்லை. அமெரிக்க வழிகாட்டுதல் தொண்டைக்கு 7 முதல் 14 நாள் என்கிறது. இரண்டு வாரம் விட்டுப் பார்ப்பது பாதுகாப்பு. அதற்கு முன் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கல்ச்சர்.

மறுதொற்றை மருந்தின் தோல்வி என்று எழுதுவது

இடையில் உறவு இருந்ததா, துணைவருக்குச் சிகிச்சை ஆனதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். முதல் நாள் ஐசோலேட்டையும் (மாதிரியிலிருந்து வளர்த்துப் பிரித்த கிருமி) பிறகு கிடைத்ததையும் மரபணு வரிசை பார்த்து ஒப்பிட வேண்டும். வேறு ரகம் என்றால் புதுத் தொற்று. ஒரே ரகமாக இருந்தாலும் சிகிச்சை பெறாத அதே துணைவரிடமிருந்து திரும்ப வந்திருக்கலாம். முதல் ஐசோலேட்டைச் சேமிக்காதவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

பெண்களில் கிராம் ஸ்டெயினை நம்புவது

மாதிரிக்குச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் கிருமியைத் தேடும் இந்தச் சோதனை, சீழ் வடியும் ஆணிடம் 95 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். கருப்பை வாயில் பாதியைத்தான் பிடிக்கும். தொண்டையில் வேண்டவே வேண்டாம்.

லிடோகெய்ன் கலந்த செஃப்ட்ரியாக்சோன்

லிடோகெய்ன் மரத்துப்போக வைக்கும் மருந்து. அது கலந்த ஊசி தசையில் மட்டும். நரம்பில் ஒருபோதும் கூடாது.

தடுப்பு ஆய்வில் முதல் நல்ல செய்தியைப் பிடித்துக்கொள்வது

மெல்போர்னில் 2016-இல் வெளியான சிறு ஆய்வில் லிஸ்டரின் மவுத்வாஷால் கொப்பளித்து ஐந்து நிமிடத்தில் எடுத்த தொண்டைக் கல்ச்சரில் 52 சதவீதம் பாசிட்டிவ், உப்பு நீர் கொப்பளித்தவர்களிடம் 84. ஐந்து நிமிடத்தில் கிருமி அடங்குவது வேறு, மாதக் கணக்கில் நோய் வராமல் இருப்பது வேறு. 530 ஆண்களிடம் 12 வாரம் நடத்திய பெரிய ஆய்வில் தொண்டைத் தொற்று குறையவில்லை.

பிரான்சின் டாக்ஸிவேக் ஆய்வு இன்னும் பெரிய பாடம். மூளைக்காய்ச்சல் பி தடுப்பூசி கொனோரியாவைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2023 தொடக்கத்தில் இடைக்கால முடிவு வந்தது. பிறகு தரவுகளைச் சரிபார்த்தபோது விடுபட்ட முடிவுகள் தெரிய வந்தன. 2024-இல் வெளியான இறுதிக் கணக்கில் அந்தப் பலன் புள்ளியியல்படி நிற்கவில்லை. எல்லாத் தளங்களிலிருந்தும் லேப் முடிவுகள் வந்து சேர்ந்தனவா என்று எண்ணிப் பார்க்காமல் இடைக்கால அறிக்கையை வெளியே விடாதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டதாகச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதும் இதே வகைத் தவறு. கென்யாவின் கிசுமுவில் 449 பெண்களிடம் தொற்றைத் தடுக்க உடலுறவுக்குப் பிறகு சாப்பிடும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. மருந்து கொடுத்த பிரிவில் சிலரைத் தேர்ந்தெடுத்து முடியைப் பரிசோதித்தபோது 29 சதவீத மாதிரிகளில் மட்டுமே மருந்து இருந்தது. கிடைத்த கொனோரியா கிருமிகளும், டாக்ஸிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் வகைக்குப் பணியாதவை. முடி மாதிரியும் ஐசோலேட்டும் சேமித்திருந்ததால்தான் அந்த முடிவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று சொல்ல முடிந்தது.

எம்.ஐ.சி. அட்டவணையைக் குறிப்பிடாமல் விடுவது

எம்.ஐ.சி. என்பது கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு. செஃப்ட்ரியாக்சோன் எம்.ஐ.சி. 0.25 என்றால் அமெரிக்க அட்டவணைப்படி பணியும் கிருமி, ஐரோப்பிய அட்டவணைப்படி எதிர்க்கும் கிருமி. எந்த அட்டவணை, எந்த வருடப் பதிப்பு என்று புரோட்டோகாலிலேயே எழுதுங்கள். அறிக்கையில் "பணியும்" "பணியாது" என்பதோடு எண்ணையும் கட்டாயம் போடுங்கள்.