வுல்வொர்த்ஸ் ஏக்கமும் சின்னக் கட்சிகளின் சதவீதமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 அக்டோபரில் பிரிட்டன் முழுக்க ஒரு செய்தி பரவியது. நாடெங்கும் கிளைகள் வைத்திருந்த வுல்வொர்த்ஸ் கடை அடுத்த ஆண்டு மறுபடி திறக்கப் போகிறது என்று ட்விட்டரில் ஒரு கணக்கு அறிவித்திருந்தது. கடை மூடி கிட்டத்தட்ட 12 ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. ஆயிரக்கணக்கானவர்கள் துள்ளிக் குதித்தார்கள், சில பத்திரிகைகள் சரிபார்க்காமலேயே செய்தி போட்டன. கடைசியில் பார்த்தால் அது ஒரு மாணவர் தொடங்கிய போலிக் கணக்கு.

அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் முன்னால், 2019 பிப்ரவரியில், லேபர் எம்.பி.க்கள் 7 பேர் கட்சியை விட்டு வெளியேறினார்கள். சில நாட்களில் இன்னொரு லேபர் எம்.பி.யும் கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் 3 பேரும் சேர, எண்ணிக்கை 11 ஆனது. பிறகு இந்தக் குழுதான் சேஞ்ச் யூகே என்ற கட்சியானது. ஆரம்பத்தில் சில கருத்துக்கணிப்புகள் இவர்களுக்கு இரட்டை இலக்கச் சதவீதம் தந்தன. மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கிடைத்தது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். டிசம்பர் பொதுத்தேர்தலில் ஓரிடம்கூட இல்லை. முடிவு வந்த ஒரு வாரத்தில் கட்சியைக் கலைப்பதாக அறிவித்துவிட்டார்கள்.

இந்த இரண்டையும் நான் சேர்த்தே பார்க்கிறேன். "பிடிக்கும்" என்று சொல்வதற்குச் செலவில்லை. கடைக்குப் போய்க் காசு கொடுப்பதும், ஒரே ஒரு ஓட்டை ஒருவருக்கு மட்டும் போடுவதும் வேறு வகைக் காரியங்கள். பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் பொதுத்தேர்தலில் ஓட்டு உண்டு. எனவே அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை.

ஏக்கத்தை வாடிக்கை என்று நினைப்பது

வுல்வொர்த்ஸ் பிரிட்டனில் முதல் கடையைத் திறந்தது 1909-இல், லிவர்பூலில். 2008 நவம்பரில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2009 ஜனவரி 6-க்குள் 807 கடைகளும் மூடப்பட்டன. ஏறத்தாழ 27,000 பேருக்கு வேலை போனது. மூடல் விற்பனை தொடங்கிய நாளில் கூட்டம் தாங்கவில்லை. ஒரே நாளில் ஏறத்தாழ 2.7 கோடி பவுண்டு வியாபாரம், கடையின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம் என்றார்கள். அந்தக் கடையின் அடையாளமே பிக் அண்ட் மிக்ஸ்தான். வரிசையாகத் திறந்த தொட்டிகளில் இனிப்புகள் கிடக்கும். குழந்தைகள் சின்னக் கரண்டியால் வேண்டியதை அள்ளிப் பையில் போட்டு, எடை பார்த்துக் காசு கொடுப்பார்கள். மூடும்போது கடைசியாக மிஞ்சிய ஒரு பை, ஈபேயில் தொண்டு நிறுவனத்துக்காக ஏலம் விடப்பட்டு 14,500 பவுண்டுக்குப் போனது.

இவ்வளவு பாசம் இருந்தும் கடை ஏன் விழுந்தது? "ஆன்லைன் வந்து அழித்துவிட்டது" என்று ஒரே வரியில் முடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஆன்லைனுக்குப் பங்கு உண்டு, சிடி, டிவிடி வியாபாரத்தைத் தின்றது அதுதான். ஆனால் டெஸ்கோ, ஆஸ்டா போன்ற சூப்பர்மார்க்கெட்டுகள் பொம்மை, குழந்தைத் துணி, பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. 2001-இல் தாய் நிறுவனமான கிங்ஃபிஷரிடமிருந்து பிரிந்தபோது பல கடைக் கட்டடங்கள் விற்கப்பட்டிருந்தன. சொந்த இடத்தில் இருந்த கடைகள் வாடகை கொடுக்க வேண்டியதாயிற்று. 2008-இல் 38.5 கோடி பவுண்டு கடன் கழுத்தை நெரித்தது. சரக்கு தருபவர்களுக்கான கடன் காப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனங்கள் திரும்பப் பெற, சப்ளையர்கள் ரொக்கம் கேட்டார்கள்.

பிஎச்எஸ் என்ற இன்னொரு பெரிய கடை நிறுவனத்தின் கதை இன்னும் கொடுமை. 2015-இல் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறி, 2016 ஆகஸ்டில் கடைசிக் கடையும் மூடியது. 11,000 பேரின் வேலையோடு, ஓய்வூதிய நிதியில் 57.1 கோடி பவுண்டு பற்றாக்குறையும் வெளியே வந்தது. பழைய முதலாளி பிலிப் கிரீன் 2017-இல் 36.3 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்ட பிறகுதான் ஊழியர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. "அந்தக் காலத்தில் எவ்வளவு நல்ல கடை" என்று ஏங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். ஜனங்கள் கைவிட்டதால் மட்டும் கடைகள் சாகவில்லை.

சதவீதத்தைத் தொகுதியாகப் பெருக்குவது

கட்சிகள் விஷயத்தில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "15 சதவீத ஆதரவு, 650 தொகுதி, அப்படியானால் நூறு எம்.பி. வருவார்கள்" என்று யாராவது கணக்குப் போட்டால் நம்பாதீர்கள். தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கே வெற்றி என்ற முறையில், ஓட்டு எவ்வளவு என்பதைவிட எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

2015 தேர்தலைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் என்ற யூகிப் கட்சிக்கு 38 இலட்சத்துக்கு மேல் ஓட்டு, 12.6 சதவீதம். கிடைத்தது கிளாக்டன் என்ற ஒரே தொகுதி. பசுமைக் கட்சிக்கு 11 இலட்சத்துக்கு மேல், அதற்கும் ஒரே இடம். ஸ்காட்லாந்தில் மட்டும் நின்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு (எஸ்என்பி) ஏறத்தாழ 14.5 இலட்சம் ஓட்டு, அது 56 தொகுதிகளை அள்ளியது. 2024-இலும் இதே கதை. ரிஃபார்ம் யூகே 14.3 சதவீதம் வாங்கி 5 இடம் பிடித்தது. லிபரல் டெமாக்ராட் 12.2 சதவீதத்தில் 72 இடம். குறைவாக ஓட்டு வாங்கியவர்களுக்கு அதிக இடம் கிடைத்தது எப்படி? தென் இங்கிலாந்தில் ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில் ஆட்களையும் காசையும் இறக்கி வேலை செய்தார்கள், மற்ற இடங்களில் பெரிதாக மெனக்கெடவில்லை.

பழைய உதாரணம் இன்னும் வலிக்கும். 1981 டிசம்பரில் லிபரல் கட்சியும், லேபரிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய எஸ்டிபியும் சேர்ந்த கூட்டணிக்கு காலப் நிறுவனத்தின் கணிப்பு 50 சதவீதத்துக்கு மேல் தந்தது. 1983 தேர்தலில் 25.4 சதவீதம் வாங்கி 23 இடம்தான் வந்தது. 27.6 சதவீதம் வாங்கிய லேபருக்கு 209. இரண்டு சதவீத வித்தியாசத்துக்கு 186 தொகுதி வித்தியாசம்! இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், விகிதாசார முறை கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் முறை மாறும்வரை கணக்கை இருக்கும் முறைப்படிதான் போட வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதில்லை. நம் தேர்தல் முறை பிரிட்டனிடமிருந்து வந்ததுதான். 2006-இல் தேமுதிக 8.4 சதவீதம் வாங்கி ஒரே இடம் ஜெயித்ததும், 2021-இல் நாம் தமிழர் கட்சி 6.6 சதவீதம் வாங்கியும் வெறுங்கையோடு நின்றதும் அந்த முறையால்தான்.

வேறு தேர்தலின் எண்ணைப் பொதுத்தேர்தலுக்குக் கொண்டுபோவது

1989 ஐரோப்பியத் தேர்தலில் பிரிட்டன் பசுமைக் கட்சி ஏறத்தாழ 15 சதவீதம் வாங்கியது. 1992 பொதுத்தேர்தலில் அது அரை சதவீதமாகச் சுருங்கியது. 2019 மே மாதம் பிரெக்ஸிட் கட்சி 29 இடங்களோடு முதலிடம், அதே டிசம்பரில் 2 சதவீதம், இடம் ஏதுமில்லை. இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. கன்சர்வேட்டிவ் ஏற்கெனவே வைத்திருந்த 317 தொகுதிகளில் அந்தக் கட்சி போட்டியிடவே இல்லை. எத்தனை தொகுதியில் நின்றார்கள் என்று பார்க்காமல் இரண்டு சதவீதங்களை ஒப்பிடுவது தனித் தவறு.

இடைத்தேர்தலும் அப்படித்தான். ஆட்சியைக் கவிழ்க்கும் பயம் இல்லாதபோது ஜனங்கள் கோபத்தைத் தாராளமாகக் காட்டுவார்கள். 2024 பிப்ரவரியில் ராச்டேல் இடைத்தேர்தலில் ஒரு சின்னக் கட்சி சார்பில் வென்ற ஜார்ஜ் காலவே, ஜூலையில் அதே தொகுதியில் தோற்றார்.

அட்டவணையின் கீழே படிக்காமல் விடுவது

ஒரு கணிப்பில் ஆயிரம் பேரைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். "ஓட்டுப் போட மாட்டேன்", "இன்னும் முடிவு செய்யவில்லை" என்றவர்களைக் கழித்தால் எழுநூறு பேர் மிஞ்சலாம். அதில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அறுபது பேர். அந்த வரிசையில் ஒரு சின்னக் கட்சிக்கு 5 சதவீதம் என்று போட்டிருந்தால், அது மூன்றே மூன்று பேரின் பதில். அடுத்த வாரம் ஆறு பேர் சொன்னால் "ஸ்காட்லாந்தில் ஆதரவு இரட்டிப்பு" என்று தலைப்பு வந்துவிடும். இந்த மாதிரித் தலைப்பைப் பார்த்ததும் அடிப்படை எண்ணிக்கையைத் தேடுங்கள். பிரிட்டிஷ் போலிங் கவுன்சிலில் உறுப்பினராக இருக்கும் நிறுவனங்கள் முழு அட்டவணையை வெளியிட்டாக வேண்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நாடு முழுவதற்குமான எண்ணிலும் கவனம் தேவை. எழுநூறு பேரில் 5 சதவீதம் என்றால், மாதிரிப் பிழை மட்டுமே ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி மேலும் கீழும் போகும். 5 ஆக இருந்தது 6 ஆனதற்குக் கொண்டாட ஒன்றுமில்லை.

அப்புறம், கேள்வியை எப்படிக் கேட்டார்கள் என்பது. கட்சியின் பெயர் முதல் பட்டியலிலேயே இருந்ததா, "மற்றவை" என்று சொன்ன பிறகுதான் காட்டினார்களா? யூகிப் வளர்ந்த காலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் எண் வேறுபட்டதற்கு இது ஒரு காரணம். ஆன்லைன் கணிப்பில் கூடுதலாகவும் தொலைபேசிக் கணிப்பில் குறைவாகவும் வந்ததும் உண்டு. வட அயர்லாந்து பெரும்பாலான கணிப்புகளில் சேராது என்பதையும் மறக்க வேண்டாம்.

"சின்னக் கட்சிக்குப் போடுவது வீண்" என்று முடிவு கட்டுவது

எதிர்ப்பக்கத் தவறு இது. யூகிப் ஒரு பொதுத்தேர்தலிலும் ஒன்றுக்கு மேல் ஜெயிக்கவில்லை. ஆனாலும் அதற்குப் போகும் ஓட்டைக் கண்டு கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் பயந்தார்கள், 2013 ஜனவரியில் அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா என்று பொதுவாக்கெடுப்பு தருவதாக அறிவித்ததற்கு அந்த அழுத்தமும் காரணம். 2016-இல் அந்த வாக்கெடுப்பில் வெளியேறும் பக்கமே ஜெயித்தது.

இந்த முறையே ஓர் எல்லையைத் தாண்டினால் தலைகீழாக வேலை செய்யும். 14 சதவீதத்தில் 5 இடம் தரும் முறை, 2024-இல் 33.7 சதவீதத்துக்கு லேபருக்கு 411 இடம் தந்தது. ஆகவே ஒரு கட்சியின் ஆதரவு 28, 29 சதவீதம் போல வந்துவிட்டால், "முன்பு ஒன்றும் ஜெயிக்கவில்லையே" என்ற பழைய அனுபவம் உதவாது. 2025-இல் ரிஃபார்ம் கணிப்புகளில் முதலிடத்துக்கு வந்தபோது பலர் இதைத்தான் கவனிக்கத் தவறினார்கள். 2024-இல் அந்தக் கட்சி 98 தொகுதிகளில் இரண்டாமிடம், பசுமைக் கட்சி 40 தொகுதிகளில். நாடு தழுவிய சதவீதத்தைவிட இந்த இரண்டாமிடப் பட்டியல்தான் பயனுள்ளது.

காலிக் கடையையும் ஓட்டையும் நேர்கோட்டில் இணைப்பது

கடைவீதி வெறிச்சோடிய ஊர்களில் எதிர்ப்புக் கட்சிகளுக்கு ஆதரவு கூடுவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிலிருந்து, வுல்வொர்த்ஸை நினைத்து ஏங்குகிறவர் எல்லாம் இன்ன கட்சிக்காரர் என்று தாவுவது தவறு. ஊரைப் பற்றிய உண்மை, அந்த ஊரில் இருக்கும் தனி ஆளைப் பற்றிய உண்மையாக இருக்க வேண்டியதில்லை. அதே தெருவில் ஏங்குகிறவர்கள் லேபருக்கும் போடுவார்கள், பசுமைக்கும் போடுவார்கள், வீட்டிலேயும் இருப்பார்கள்.

அந்த ஏக்கத்தைக் கேலி செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. வுல்வொர்த்ஸ் இடத்தில் பல ஊர்களில் ஐஸ்லாந்து, பவுண்ட்லேண்ட் போன்ற கடைகள் வந்தன, வியாபாரம் தொடர்கிறது. டெபன்ஹாம்ஸ் என்ற பெரிய கடை 2021-இல் போனபோது அப்படி எளிதாக நிரம்பவில்லை. பல மாடிக் கட்டடம், உள்ளே ஒரு காபிக்கடை, கழிப்பறை, உட்கார நாற்காலி. கார் ஓட்டாத வயதானவர்கள் பஸ்ஸில் வந்து அரை நாளைக் கழிக்கும் இடம் அது. அவர்கள் இழந்தது உண்மையான இழப்பு.

அதனால்தான் "கடைவீதிக்கு உயிர் கொடுப்போம்" என்று துண்டறிக்கை தரும் வேட்பாளரிடம், கட்சி சின்னதோ பெரியதோ, விவரமாகக் கேட்க வேண்டும். கடைகளுக்கான சொத்துவரியான பிசினஸ் ரேட்ஸ், கவுன்சில் இஷ்டப்படி மாற்றக்கூடியதில்லை, விகிதம் மேலே அரசு வைப்பது. ஆனால் 2024 டிசம்பரிலிருந்து இங்கிலாந்தில் கவுன்சில்களுக்கு ஓர் அதிகாரம் வந்திருக்கிறது. கடைவீதியில் இரண்டு ஆண்டு காலத்தில் 365 நாட்களுக்கு மேல் காலியாகக் கிடந்த கடையின் வாடகை உரிமையை, உரிமையாளர் அசையாவிட்டாலும், ஏலம் விடலாம். உங்கள் வார்டில் அப்படி எத்தனை கடை இருக்கிறது, ஜெயித்தால் எதை முதலில் ஏலத்துக்குக் கொண்டுவருவீர்கள் என்று வாசலிலேயே கேளுங்கள்.