ஸ்டீம் லைன் ஃப்ளேஞ்சில் நிற்காத கசிவு

நான் வேலை பார்த்த சாயப்பட்டறையில் பாய்லரிலிருந்து போகும் 4 அங்குல ஸ்டீம் லைனில் ஒரு ஃப்ளேஞ்ச் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) ஒழுகிக்கொண்டே இருந்தது. ஞாயிறு நிறுத்தி திங்கள் ஓட்டினால் மறுபடி ஆவி. நடுவில் கசிவை அடைக்க வைக்கும் ஷீட் கேஸ்கெட்டை (தகட்டிலிருந்து வெட்டிய அடைப்பு வளையம்) மூன்று முறை மாற்றினோம். லைன் ஆறிச் சூடாகும்போதெல்லாம் ஷீட் அமுங்கி, போல்ட் பிடிப்பு தளர்ந்துவிடும்.

சரி, ஸ்பைரல் வூண்ட் கேஸ்கெட் போடலாம் என்று முடிவெடுத்தேன். மெல்லிய எஃகுப் பட்டையும் கிராஃபைட்டும் சேர்த்துச் சுருட்டியது; ஸ்பிரிங் போல அமுங்கி மீளும். வாங்கும்போது வெளி வளையத்தின் நிறத்தைப் பாருங்கள்: பட்டை 304 ரக எஃகு என்றால் மஞ்சள், 316 ரகம் என்றால் பச்சை. சாம்பல் கோடு இருந்தால் உள்ளே கிராஃபைட். வெள்ளைக் கோடு டெஃப்லான், எங்கள் 185 டிகிரி ஆவிக்கு அதை நான் எடுக்கவில்லை.

ஆனால் அதுவும் கசிந்தது! கழற்றி, கேஸ்கெட் உட்காரும் ஃப்ளேஞ்ச் முகத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நடுவிலிருந்து வெளியே ஒரு கீறல். பழைய ஷீட்டை உளியால் சுரண்டியவர்கள் நாங்கள்தான். வட்டமாக ஓடும் கோடுகள் இருக்க வேண்டியவை. குறுக்குக் கீறல்தான் ஆவிக்கு வழி. ஃப்ளேஞ்சை வெட்டி எடுத்து, லேத்தில் முகத்தைக் கடைந்து, மறுபடி வெல்டு செய்தோம்.

அப்புறம் புது கேஸ்கெட். ஒருமுறை அமுங்கியதைத் திரும்பப் போடவே கூடாது. 8 போல்ட்டையும் எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) தேவையான விசையில் 30, 60, 100 சதவீதம் என்று ஏற்றி, கடைசியில் வட்டமாக ஒரு சுற்று. அந்தத் திங்கட்கிழமை ஆவி வரவில்லை.