தீபாவளிக்குத் தேய்த்த குளியலறை கார்த்திகைக்குள் கறுப்பது ஏன்?

எங்கள் செந்தூல் அடுக்குமாடியில் தீபாவளிக்கு முந்திய வாரம் குளோராக்ஸ் (வெளுக்கும் ப்ளீச் திரவம்) வாடை மாடிப்படி வரைக்கும் வரும். எல்லா வீட்டிலும் குளியலறைத் தேய்ப்பு நடக்கிறது என்று அர்த்தம். தீபாவளியன்று டைல்ஸ் இடுக்கெல்லாம் வெள்ளை வெளேர். கார்த்திகை விளக்கு வைக்கும்போது பார்த்தால் அதே இடத்தில் அதே கறுப்புப் பூஞ்சை. அக்டோபர், நவம்பர் கோலாலம்பூரில் மழை கொட்டும் மாதங்கள்தான். அதற்காக மழை மேலேயே பழி போட முடியாது. கீழே சொல்லும் தவறுகளில் பாதி நான் செய்தவை.

முதலாவது, சோப்பு படிந்த சுவரில் நேராகக் குளோராக்ஸை ஊற்றுவது. சோப்புக் கறை, உடம்பு எண்ணெய், ஷாம்பு மிச்சம் எல்லாம் பூஞ்சைக்குச் சாப்பாடு. குளோராக்ஸின் வேகம் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் தேய்த்து, அலசிவிட்டு, அப்புறம் குளோராக்ஸ் போட்டு 10 நிமிடம் விடுங்கள். வழுவழுப்பான டைல்ஸ் மேல் அது நன்றாகவே வேலை செய்யும். இடுக்கில் இருக்கும் சிமெண்ட் பூச்சு வேறு விதம், நுண்துளை நிறைந்தது. மேலே நிறம் வெளுத்தாலும் உள்ளே இறங்கிய இழைகள் பிழைத்திருக்கலாம். அதனால்தான் கம்பி பிரஷால் தேய்ப்பதும் வினை: பூச்சு பெயர்ந்து, அழுக்கு தங்க இன்னும் நிறைய பள்ளம் விழும்.

சீக்கிரம் போகட்டும் என்று குளோராக்ஸோடு வினிகரையோ, கழிவறை கழுவும் ஆசிட் திரவத்தையோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவமும் ஆகாது. சன்னல் இல்லாத அறையில் இது விளையாட்டுக் காரியமில்லை.

சிலிக்கான் விஷயத்தில் நான் இரண்டு முறை ஏமாந்தேன். ஷவர் மூலையில் கறுத்த சிலிக்கான் மேலேயே புது சிலிக்கானை அழகாக இழுத்துவிட்டேன். சில வாரத்தில் கறுப்பு உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பூஞ்சை சிலிக்கானுக்குள்ளேயும் அதன் பின்னாலும் வளர்ந்துவிட்டால் தேய்த்துப் பயனில்லை. பழையதைக் கத்தியால் முழுக்கச் சுரண்டி எடுத்து, மூலையை நன்றாகக் காயவிட்டு, பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கான் போட வேண்டும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. ஒரே குளியலறை உள்ள வீடென்றால் அன்றைக்கு அக்கா வீட்டுக்குக் குளிக்கப் போக வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்துவிட்டு, குளித்து முடித்த கையோடு ஈரக் காற்றை வெளியே தள்ளும் ஃபேனை நிறுத்திக் கதவையும் சாத்தினால் எல்லாம் வீண். அறைக்குள் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று குளிர்நாட்டு ஆலோசனை வரும். இங்கே வெளியிலேயே சராசரி 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது! நம் கையில் இருப்பது ஒன்றுதான்: சுவர் நனைந்திருக்கும் நேரத்தைக் குறைப்பது. குளித்ததும் ரப்பர் துடைப்பானால் சுவரையும் தரையையும் ஓர் இழுப்பு இழுத்தால் பெரும்பாலான தண்ணீர் அப்போதே போய்விடும். ஒரு நிமிட வேலை. பிறகு ஃபேன் அரை மணி நேரமாவது ஓடட்டும். கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும், காற்று உள்ளே வர வழியில்லாமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்? ஒரு டிஷ்யூவை ஃபேன் வலையில் வைத்துப் பாருங்கள். ஒட்டி நிற்காவிட்டால் ஃபேன் தூசி அடைத்துச் சும்மா சுற்றுகிறது. சன்னல் உள்ள வீட்டில் இரவை விட மதிய வெயில் நேரத்தில் திறந்துவைப்பது பலன் தரும், அப்போதுதான் வெளிக்காற்று ஓரளவு காய்ந்திருக்கும்.

கூரையில் மட்டும் வட்ட வட்டமாகக் கறுத்தால் அதை வேறு கணக்கில் வையுங்கள். அதன் மேல் சாயம் அடிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மேல்மாடிக் குளியலறையிலிருந்து நீர் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீடுகளுக்கான மலேசியாவின் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த 2015 விதிமுறைகளின்படி, நீங்கள் கசிவைப் பற்றி அறிவிப்புக் கொடுத்தால் அடுக்குமாடி நிர்வாகம் 7 நாளில் வந்து சோதிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சொல்லி விட்டுவிடாமல் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கசிவு நின்று கூரை காயும் வரைக்கும் சாய டப்பாவைத் திறக்காதீர்கள்.