ஆஸ்திரேலிய டெஸ்ட் தொடரை வீட்டிலிருந்து முறையாகப் பின்தொடர்வது எப்படி?

இந்திய அணி டெஸ்ட் தொடருக்காக ஆஸ்திரேலியா செல்லும்போது, இங்கே தொலைக்காட்சியில் பார்ப்பவர் முதலில் நேரக் கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்நாட்டின் கோடைக்காலத்தில் மெல்போர்னும் சிட்னியும் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. அடிலெய்டு ஐந்து மணி நேரமும், கோடையிலும் கடிகாரத்தை மாற்றிவைக்காத பிரிஸ்பேன் நாலரை மணி நேரமும், பெர்த் இரண்டரை மணி நேரமும் முன்னால். அதனால்தான் 2024-25 தொடரில் பெர்த் டெஸ்ட் நமக்குக் காலை 7.50-க்கும், பிரிஸ்பேன் டெஸ்ட் 5.50-க்கும், மெல்போர்ன், சிட்னி டெஸ்ட்கள் 5 மணிக்கும் தொடங்கின. அடிலெய்டு பகலிரவு ஆட்டம் மட்டும் 9.30-க்கு, சரியாக அலுவலகம் கிளம்பும் வேளையில். ஐந்து நாளையும் முழுதாகப் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டாவது டெஸ்டிலேயே அலுத்துவிடும். எந்தெந்த மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

அதைத் தீர்மானிக்க, ஸ்கோரைவிடப் பந்து எத்தனை ஓவர் பழையது என்பதைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் ஆடப்படும் கூக்கபுரா நிறுவனப் பந்தின் சீம், அதாவது நடுவே ஓடும் தையல், புதிதாக இருக்கும்வரை எடுப்பாக நிற்கும். ஓவர்கள் செல்லச் செல்ல அது தட்டையாகி, பந்தும் மெத்தென்று ஆகிவிடுவதால், காற்றில் வளையும் ஸ்விங் குறைந்து மட்டையாளரின் கை ஓங்கும். ஆகவே முதல் இருபது, முப்பது ஓவர்களும், எண்பது ஓவர் முடிந்து இரண்டாவது புதிய பந்து எடுக்கப்படும் நேரமும்தான் விழித்திருக்க வேண்டிய நேரங்கள். இடைப்பட்ட ஓவர்களில் விக்கெட் விழாவிட்டால் அதைச் சலிப்பான ஆட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் 328 ஓட்டங்களைத் துரத்தியபோது, புஜாரா உடம்பில் அடிமேல் அடி வாங்கிக்கொண்டு 211 பந்துகளில் 56 ஓட்டங்களே எடுத்தார். அந்த இன்னிங்ஸை ஸ்கோர் அட்டையில் மட்டும் பார்த்தவருக்கு, பிறகு ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89 அடித்து வெற்றியை முடித்துவைக்க வழி எப்படிப் பிறந்தது என்பது விளங்காது.

பகலிரவு டெஸ்டில் ஆடப்படும் இளஞ்சிவப்புப் பந்துக்கு இந்தக் கணக்கோடு அந்தி நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில் அது கூடுதலாக நகரும் என்பது பரவலான அனுபவம். ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது: 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது நல்ல பகல் வெளிச்சத்தில், மூன்றாம் நாளின் முதல் செஷனில்தான்.

மைதானங்களைப் பற்றிச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். பெர்த்திலும் பிரிஸ்பேனிலும் பந்து எழும்பும். மெல்போர்னில் பக்கவாட்டு எல்லைகள் தொலைவில் இருப்பதால் ஓடி எடுக்கும் மூன்று ஓட்டங்களுக்கு மதிப்பு அதிகம். சிட்னி சுழலுக்கு உதவும் என்ற பழைய பெயரை இப்போது அப்படியே நம்ப வேண்டியதில்லை.

ஒரு தொடரைத் தனித்தனி ஆட்டங்களாகப் பார்ப்பவருக்கும் சுற்றுப்பயணமாகப் பார்ப்பவருக்கும் உள்ள வேறுபாடு, வேகப்பந்து வீச்சாளர்களின் ஓவர் கணக்கில் தெரியும். ஒரு தாளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு டெஸ்டிலும் வீசிய ஓவர்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். 2024-25-இல் பும்ரா 150 ஓவர்களுக்குமேல் வீசி 32 விக்கெட் எடுத்தார். சிட்னியில் முதுகுவலி வந்து, கடைசி இன்னிங்ஸில் ஒரு பந்துகூட வீச முடியவில்லை. அந்தத் தாளை வைத்திருந்தவருக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது. இதே காரணத்தால், முதல் நாள் அறிவிக்கப்படும் பதினொருவரோடு நிற்காமல், வலைப்பயிற்சிக்குப் பந்துவீச அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பெயர்களையும் படித்துவைக்க வேண்டும். 2020-21-இல் காயங்களால் அணி கலைந்தபோது, அவ்வாறு உடனிருந்த சேலம் மாவட்டத்து நடராஜனும் சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் பிரிஸ்பேனில் ஒன்றாக அறிமுகமாகி, முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். சுந்தர் அதோடு நிற்காமல் 62 ஓட்டங்களும் சேர்த்தார்.

ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஸ்டம்புக்கு அருகே பொருத்தப்படும் ஸ்டம்ப் மைக்கின் சத்தத்தையாவது வைத்துக்கொள்ளலாம். 2021 சிட்னி டெஸ்டின் கடைசி நாளில் விகாரியும் அஸ்வினும் வலியோடு நின்று ஆட்டத்தை டிரா செய்தபோது, இருவருக்கும் இடையே ஓடிய தமிழ்ப் பேச்சு அதன் வழியாகத்தான் நம் வீட்டுக்கு வந்தது.

கடைசியாக, பிரிஸ்பேன் டெஸ்டுக்கு அலாரம் வைக்கும் முன் அவ்வூர் வானிலை அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். 2024 டிசம்பரில் அங்கே முதல் நாள் மழையால் 13.2 ஓவர்கள் மட்டுமே வீசப்பட்டன.