சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

தட்டையான உலகப்படத்தில் அளவுகோலை வைத்து இரு நகரங்களுக்கும் இடையே கோடு போட்டால் தவறான விடையே கிடைக்கும். பூகோள உருண்டையை எடுத்து, சிங்கப்பூரில் ஒரு நூலின் முனையை அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்கை நோக்கித் தொய்வில்லாமல் இழுங்கள். நூல் பசிபிக் கடலின் குறுக்கே போகாமல் வட துருவத்தை ஒட்டிச் செல்வதைக் காண்பீர்கள். அதே நூலை அந்த உருண்டையின் நிலநடுக்கோட்டின் மேல் வைத்து, முழுச் சுற்றில் அது எத்தனை பங்கு என்று பார்த்து, அந்தப் பங்கை 40,075 கிலோமீட்டரால் பெருக்கினால் தொலைவு கிடைத்துவிடும். எந்த இரு நகரங்களுக்கும் இம்முறை பொருந்தும்.

இந்த இரு நகரங்களுக்கு இன்னும் எளிய, அழகான வழி ஒன்று உண்டு. சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 178, அரைச் சுற்றான 180-க்கு மிக அருகில், அதாவது ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கங்கள். ஆகவே துருவத்தின் வழியாகவே அளந்துவிடலாம். சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.4 பாகை என்பதால் அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகையும், கென்னடியின் அட்சரேகை வடக்கு 40.6 பாகை என்பதால் துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.4 பாகையும் ஆகின்றன. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் ஏறத்தாழ 15,345 கி.மீ.

நெடுந்தூர விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறப்பதால் இத்தொலைவுக்கு 17 மணி நேரம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்கவும், வழி சற்று விலகவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால், இடைநில்லா விமானத்தின் கால அட்டவணை 18 மணி நேரத்தைத் தாண்டுவதன் காரணம் புரியும். மிகக் குறுகிய வழியே மிக விரைவான வழி என்றும் எண்ண வேண்டாம். வானில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால், 17 மணி நேரத்தில் அதுவே 1,700 கி.மீ. கொண்டுசேர்க்கும் என்பதால், பசிபிக் வழியாகச் சுற்றிப் போவதும் லாபமாகலாம்.

பலரும் தடுமாறுவது கடிகாரக் கணக்கில்தான். சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிடக் குளிர்காலத்தில் 13 மணி நேரமும், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி நேரமும் முந்தியிருக்கும். புறப்படும் நேரத்தை முதலில் சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, பிறகு பயண நேரத்தைக் கூட்டுங்கள். ஜனவரியில் செவ்வாய் அதிகாலை 12.30 மணிக்குச் சிங்கப்பூரில் ஏறுபவருக்கு அப்போது நியூயார்க்கில் திங்கள் காலை 11.30, அதனோடு 18 மணி 45 நிமிடத்தைக் கூட்டினால் செவ்வாய் காலை 6.15-க்கு இறங்குவார். திரும்பும்போது திங்கள் இரவு 10.30-க்கு ஏறினால், சிங்கப்பூரில் அது செவ்வாய் காலை 11.30 என்பதால், புதன் காலை 6.15-க்குத்தான் வந்து சேர்வார். அழைத்துவர விமான நிலையம் செல்பவர்கள் இந்தக் கிழமையைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் பெரியவர்கள் பயணம் செய்தால், கடைசி வேளை மருந்திலிருந்து கடந்த மணி நேரத்தைத் தனியே ஒரு தாளில் குறித்து வாருங்கள். இரவும் பகலும் இடம் மாறும் இந்தப் பயணத்தில் எந்த வேளையை எப்போது எடுப்பது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, அதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.