பாதி வரைந்து மீதியைப் பிரதி எடுத்தல்: பிளெண்டரில் கொலுசு இதழ்

பிளெண்டர் என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளில், சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்கு ஒரு தாமரை இதழை முழுதாகக் கையால் வரைந்தால் இரு பக்கமும் ஒத்துவராது. வெள்ளியில் பாலிஷ் ஏறியதும் அந்தக் கோணல்தான் முதலில் கண்ணில் படும். பாதியை வரைந்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக எடுப்பதே சரி.

முதலில் அளவு. சீன் பிராப்பர்ட்டீஸில் யூனிட் ஸ்கேல் 0.001, நீளம் மில்லிமீட்டர். இதை விட்டுவிட்டால் பின்னால் எல்லாமே குழம்பும்.

நம்பேட் 7 அழுத்தி மேற்பார்வைக்கு வாருங்கள். ஷிப்ட்+சி 3டி கர்சரை (இடத்தைக் குறிக்கும் அடையாளத்தை) மையத்தில் வைக்கும். ஷிப்ட்+ஏ மூலம் பெசியே கர்வ் (புள்ளிகளால் வளைக்கும் கோடு) சேர்த்து, டேப் அழுத்தி எடிட் மோடுக்குள் இடப்பாதியை மட்டும் நான்கு புள்ளிகளில் வரையுங்கள்: அடிமுனை, வயிற்றில் இரண்டு, உச்சி. அடிமுனைக்கும் உச்சிக்கும் 'என்' விசையில் திறக்கும் பேனலில் எக்ஸ் மதிப்பு துல்லியமாக 0 இருக்க வேண்டும். கண்மதிப்பு போதாது.

வயிற்றுப் புள்ளிகள் இரண்டையும் தேர்ந்து வி அழுத்தி, ஹேண்டில் (புள்ளியில் வளைவைத் திருப்பும் கைப்பிடி) வகையாக 'அலைன்ட்' கொடுங்கள். 'ஆட்டோமேட்டிக்' இருந்தால் பிரதி எடுத்ததும் ஹேண்டில் தானே திரும்பி வளைவு மாறிவிடும். பிவட்டை (பிரதிபலிப்பின் மையத்தை) 3டி கர்சருக்கு மாற்றி, ஷிப்ட்+டி, எஸ்கேப், கன்ட்ரோல்+எம், எக்ஸ், என்டர். மையக்கோட்டில் உள்ள அடிமுனையையும் உச்சியையும் பிரதி எடுக்காதீர்கள்; ஒரே இடத்தில் இரண்டு புள்ளி விழுந்து அங்கே மடிப்பு தெரியும்.

உச்சியையும் அதற்கு அடுத்த வலப்புள்ளியையும் தேர்ந்து எஃப் அழுத்தினால் இணையும். ஆல்ட்+சி அடிமுனையை மூடும். இனி உச்சிக்கு 'ஆட்டோமேட்டிக்': அண்டைப் புள்ளிகள் சமதூரத்தில் இருப்பதால் ஹேண்டில் படுக்கையாகவே நிற்கும். அடிமுனை கூராக வேண்டும், அதற்கு 'வெக்டர்'.

தானே மறுபாதியைக் காட்டும் மிரர் மாடிஃபையர் இதைவிடச் சுலபம். வடிவத்தைச் சோதித்துப் பார்க்க நல்லது. ஆனால் அது ஆப்ஜெக்டின் ஆரிஜினை (மூலப்புள்ளியை) வைத்தே பிரதிபலிக்கும். ஆப்ஜெக்ட் மோடில் நகர்த்தினால் ஆரிஜினும் கூடவே போகும், நடு இடைவெளி மாறாது. எடிட் மோடில்தான் நகர்த்த வேண்டும். யூனிட் ஸ்கேல் மாற்றாமல் வரைந்திருந்தால் 'மெர்ஜ்' தூரம் (நடுவில் நெருங்கிய புள்ளிகளை ஒன்றாக்கும் அளவு) 0.001 என்பது ஒரு மில்லிமீட்டர்! மெல்லிய கம்பி நடுவில் நசுங்கிப்போகும்.

கம்பித் தடிமனுக்கு பெவல் டெப்த் (கோட்டுக்குத் தடிமன் தரும் அளவு) 0.4 கொடுங்கள். அது ஆரம், விட்டம் 0.8 மில்லிமீட்டர் வரும். எஸ்டிஎல் (3டி அச்சுக்கான கோப்பு) எடுக்க மெஷ்ஷாக (சிறு பரப்புகளால் ஆன வலையாக) மாற்றுமுன் கர்வைப் பிரதி எடுத்து ஒளித்து வையுங்கள். மாற்றியபின் ஹேண்டில் கிடையாது, இதழைத் திருத்த முடியாது.