சிவந்த சேறெல்லாம் அருமண் சேறு அல்ல

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், ஊவெல்வா மாகாணத்தில் ரியோ டின்டோ என்றொரு ஆறு ஓடுகிறது. தண்ணீர் ரத்தச் சிவப்பு. மலையிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த) தாது காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து கந்தக அமிலமாக ஊறுவதால், ஆற்றின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2-ஐ ஒட்டியே நிற்கும். கரையெங்கும் காவி நிற இரும்புப் படிவு. ‘இரும்பு ஆக்சைடு அருமண் தனிமங்களை ஈர்த்து வைத்துக்கொள்ளும்’ என்று பாடத்தில் படித்தவர் முதலில் அந்தப் படிவைத்தான் சுரண்டி எடுப்பார். ஆனால் அருமண் (rare earth) என்று அழைக்கப்படும், லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான அந்த உலோகங்களில் பெரும்பகுதி அந்தச் சிவப்புத் தண்ணீரிலேயே, சல்பேட்டோடு கைகோத்துக் கரைந்து ஓடிக்கொண்டிருக்கும்.

இரும்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, பி.எச். எவ்வளவு என்று கேட்காமல் விடுவதுதான், நீரிலுள்ள அருமண் இரும்பில் எவ்வளவு ஒட்டுகிறது என்று ஆராய்வதில் எல்லாத் தவறுகளுக்கும் தாய். இரும்புக் கனிமத்தின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தவை) நெருக்கமாக இருக்கின்றன. அருமண் அயனி அங்கே ஒட்ட வேண்டுமானால், ஏற்கெனவே இருக்கும் ஹைட்ரஜன் அயனி கழன்று இடம்விட வேண்டும். அமில நீரில் ஹைட்ரஜன் அயனிகளின் கூட்டம் அதிகம், இடம் காலியாகாது. பி.எச். 5-ஐத் தாண்டும்போது பிடிப்பு வேகமாக ஏறும். 7-ஐத் தாண்டும்போது, வேறு எதுவும் குறுக்கிடாவிட்டால், ஏறக்குறைய எல்லாம் ஒட்டிக்கொண்டுவிடும். இரண்டு மூன்று அலகு இடைவெளிக்குள் நிலைமை தலைகீழ். அதனால் ஆற்றங்கரையில் மீட்டரை வைத்துப் பார்க்காமல், ‘சுமார் 6 இருக்கும்’ என்று குத்துமதிப்பாக எழுதிக்கொண்டால் பிறகு எந்தக் கணக்கும் நிற்காது.

அதே பகுதியில் சுரங்க நீரைச் சுண்ணாம்புக்கல் வழியாக விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். பி.எச். 3, 4 அளவிலேயே இரும்பு ஷ்வெர்ட்மன்னைட் என்ற காவிச் சேறாகப் படிந்துவிடுகிறது. அருமண் அதைத் தாண்டிப் போய்விடும். இன்னும் கொஞ்சம் மேலே, 5-ஐ நெருங்கும்போது அலுமினியம் பாசலூமினைட் என்ற வெள்ளைச் சேறாகப் படியும். அருமண் அதோடுதான் போய்ச் சேர்கிறது. அங்கே தேட வேண்டியது வெள்ளைச் சேற்றை.

அடுத்த தவறு, ஒட்டுவதை மின்சுமையை மட்டும் வைத்து விளக்குவது. பி.எச். சுமார் 8-க்குக் கீழே இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பு நேர்மின் கொண்டது. அருமண் அயனியும் மூன்று நேர்மின் சுமந்தது. ‘அப்படியென்றால் ஒன்றையொன்று தள்ள வேண்டுமே’ என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. தள்ளத்தான் செய்யும். ஆனால் இங்கே நடப்பது வெறும் மின் ஈர்ப்பு அல்ல; மேற்பரப்பின் ஆக்சிஜனோடு அயனி நேரடியாகப் பிணைப்பை உண்டாக்குகிறது. அந்தப் பிணைப்பு தள்ளுவிசையை மிஞ்சிவிடுகிறது.

சரி, மாதிரி எடுப்பதற்கு வருவோம். அதிக இழப்பு இங்கேதான். இரும்பு கலந்த போர் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள்: குழாயிலிருந்து வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், குடத்தில் வைத்தால் சாயங்காலத்துக்குள் மஞ்சளாகி, அடியில் துரு படிந்திருக்கும். ஆய்வுப் புட்டியிலும் அதேதான். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் கரைந்திருந்த இரும்பு காற்றைக் கண்டதும் பெர்ரிஹைட்ரைட் என்ற துருக் கனிமமாகத் திரள்கிறது. திரளும்போதே அருமண்ணையும் வாரிக்கொள்கிறது. நானும் ஒருமுறை அப்படிப்பட்ட நீரை மறுநாள் வடிகட்டலாம் என்று வைத்துவிட்டேன். காலையில் புட்டியின் உட்சுவரில் நகத்தால் வழித்தெடுக்கும் அளவுக்குப் பழுப்புப் படலம். நீரில் அளந்த அளவு நிலத்தடி நீரின் கதையைச் சொல்லவில்லை, புட்டிக்குள் நடந்ததைச் சொன்னது. எடுத்த இடத்திலேயே, காற்றுப் படாமல் வடிகட்டுங்கள். அப்புறம்தான் நைட்ரிக் அமிலம். வரிசை மாறி முதலில் அமிலம் விட்டால் மிதந்துகொண்டிருக்கும் இரும்புத் துகள்கள் கரைந்து, பிடித்து வைத்திருந்ததை நீரில் விட்டுவிடும். அமிலமே விடாமல் வைத்தால் புட்டிச் சுவரும் தன் பங்குக்கு இழுத்துக்கொள்ளும்.

வடிகட்டிய பிறகும் ஒரு ஏமாற்று உண்டு. 0.45 மைக்ரான் வடிதாளைக் கடந்ததெல்லாம் ‘கரைந்தது’ என்று எழுதுவது வழக்கம். இரும்பும் மட்கும் சேர்ந்த கூழ்மத் துகள்கள் அதைவிடச் சின்னவை, தாராளமாகக் கடந்துவிடும். பல ஆறுகளில் ‘கரைந்த’ அருமண்ணில் பெரும்பங்கு உண்மையில் இந்தக் கூழ்மங்களில் தொற்றிக்கொண்டிருப்பதுதான். அமேசான் முகத்துவாரத்தில் உப்பு லேசாக ஏறிய இடத்திலேயே அது சட்டென்று குறைவதற்குக் காரணமும் இதுவே: உப்பு பட்டதும் கூழ்மம் திரண்டு அடியில் இறங்கிவிடுகிறது. முடிந்தால் இன்னும் நுண்ணிய துளைகளில் வடிகட்டி (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) பிரித்துப் பாருங்கள். முடியாவிட்டால் ‘0.45 மைக்ரானைக் கடந்தது’ என்று எழுதுங்கள், அதுவே நேர்மை.

சீரியம் தனிக் கதை. மற்ற அருமண்கள் மூன்று நேர்மின்னோடு நிற்க, இது கனிமப் பரப்பில் ஆக்சிஜனேற்றம் அடைந்து நான்குக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். அதனால் நீரில் சீரியம் மட்டும் குறைந்து தெரியும். இதில் மாங்கனீசு ஆக்சைடு இரும்பைவிடக் கெட்டிக்காரன். குறைவைக் கண்டதும் இரும்பின் வேலை என்று முடிவுகட்டாதீர்கள். குறைவு இல்லை என்பதால் நீரில் ஆக்சிஜன் இல்லை என்றும் சொல்ல முடியாது. தேநீர் நிறத்தில் ஓடும் மட்கு நீரில், மட்கிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் அருமண்களை மொத்தமாகக் கட்டி வைத்திருக்கும். கனிமத்தில் ஒட்டினாலும் அந்தக் கட்டோடுதான் ஒட்டும். சீரியத்துக்குத் தனியாகப் பிரிய வழியே இல்லை.

கடோலினியம் மட்டும் எகிறி நின்றால் பாறையைத் தேட வேண்டாம். எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் ஏற்றும் மருந்து அது. ஜெர்மனி ஆறுகளில் 1996-லேயே காட்டிவிட்டார்கள். உறுதியான கொடுக்கிணைப்பில் (ஒரு மூலக்கூறு நண்டுக் கொடுக்குபோல் அயனியைக் கவ்வும் பிணைப்பில்) பூட்டியிருப்பதால் இரும்புப் பரப்பில் அவ்வளவாக ஒட்டாது. அதையும் சேர்த்து, இரும்பில் எவ்வளவு ஒட்டியது என்று பிடிப்பளவு கணக்கிட்டால் கடோலினியத்துக்கு மட்டும் எண் பிசகும். யூரோப்பியம் எகிறினால் முதலில் பேரியத்தைச் சந்தேகியுங்கள்: அயனிகளை நிறை வைத்துப் பிரித்து அளக்கும் கருவிக்குள் பேரியம் ஆக்சைடு யூரோப்பியத்தின் அதே நிறையில் வந்து நிற்கும்.

ஒட்டியது நிரந்தரம் என்று நினைப்பதும் தவறு. சதுப்பு நிலத்தில் நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைக் கரைக்கத் தொடங்கும். அருமண் மறுபடி நீருக்கு வரும். ஒரே இடத்தைக் கோடையில் ஒருமுறையும், வெள்ளம் தேங்கிச் சில வாரம் கழித்து ஒருமுறையும் அளந்தால் இரண்டு வேறு நீர்நிலைகளைப் போலத் தெரியும்.